புலிக்கு வரி போட்டவர் யார்?

காட்டில் புலியை எண்ணுவது எப்படி? ஆட்டு மந்தையைப்போல் பட்டிக்கு ஓட்டிவந்து எண்ண முடியாது. புலி தனியாகத் திரியும். பெரும்பாலும் இருட்டில்தான் நடமாடும். மனித வாடை பட்டால் ஒதுங்கிக்கொள்ளும். பேராக்கின் பெலும் காட்டிலோ பகாங்கின் தாமான் நெகாராவிலோ காலமெல்லாம் வேலை செய்தவர்கூடக் கால்தடத்தையும் மரத்தில் பதிந்த நகக்கீறலையும்தான் அதிகம் பார்த்திருப்பார்.

அதனால் ஆய்வாளர்கள் புலி நடக்கும் பாதையின் இரு பக்கமும் மரங்களில் கேமராக்களைக் கட்டிவைக்கிறார்கள். சூடான உடல் ஒன்று குறுக்கே நகர்ந்தால் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். ஏன் இரண்டு பக்கமும்? புலியின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இன்று இடப்பக்கமும் நாளை வலப்பக்கமும் படத்தில் விழுந்தால், ஒரே புலியை இரண்டு என்று எண்ணிவிடக்கூடும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கிடைத்தால் அந்தப் புலிக்கு ஓர் அடையாள அட்டை கிடைத்துவிட்டது என்று பொருள்.

கோடுகளை ஒப்பிட்டுப் புலிகளைக் கணக்கிடும் இந்த முறையை, இந்தியாவின் நாகரஹொளே காட்டில் செய்துகாட்டி 1995-இல் வெளியிட்டவர் உல்லாஸ் காரந்த். தீபகற்ப மலேசியாவில் 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பும் இத்தகைய கேமராக்களை நம்பித்தான் நடந்தது. கிடைத்த விடை நெஞ்சைச் சுடுகிறது: காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு செய்தியின்மேல் நிற்கிறது. ஒரு புலியின் கோடு இன்னொரு புலிக்கு வராது. தாயின் கோடு குட்டிக்குக்கூட வராது. அது ஏன்? காதின் வடிவமும் கண்ணின் நிறமும் பெற்றோரிடமிருந்து வருகின்றன. கோடு போட்ட தோலும் வருகிறது. எந்தக் கோடு எங்கே என்பது மட்டும் ஏன் வருவதில்லை?

போத்தனூர்ப் பெண்ணின் மகன்

இதற்கு விடை தேடத் தொடங்கினால் விலங்கியல் வகுப்புக்குப் போவோம் என்று நினைப்பீர்கள். போக வேண்டியது ஒரு கணித மேதையிடம். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களில் ஒருவர் என்று நாம் அறிந்த ஆலன் டூரிங்தான் அவர்.

அவருக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது. அவருடைய தாயார் ஏத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில், 1881-இல். தாய்வழித் தாத்தா மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த இந்தியக் குடிமைப் பணி அதிகாரி. ஆலன் 1912-இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிச் சென்றுவிட, பிள்ளைகள் இங்கிலாந்தில் வளர்ந்தார்கள்.

1952-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது டூரிங் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கணினியைப் பற்றியதல்ல. கருவில் உருவமே இல்லாமல் உருண்டையாகக் கிடக்கும் உயிரணுக் கூட்டம், எப்படிக் கோடாகவும் புள்ளியாகவும் கைகாலாகவும் பிரிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் சொன்ன விடை முதலில் கேட்பவருக்கு அபத்தமாகத் தோன்றும். தேநீரில் பாலை ஊற்றுங்கள். கலக்காமலே வைத்திருந்தாலும் சற்று நேரத்தில் பால் எங்கும் பரவி, ஒரே நிறமாகிவிடும். பரவுதல் என்பது வேற்றுமையை அழிக்கும் வேலை. ஒரே நிறமாகிவிட்ட தேநீர் தானாகப் பிரிந்து வெள்ளைக் கோடும் பழுப்புக் கோடுமாக நிற்பதை யாரும் பார்த்ததில்லை. டூரிங் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். ஒன்றையொன்று பாதிக்கும் இரண்டு இரசாயனப் பொருள்கள் இருந்து, அவை பரவும் வேகம் வேறுவேறாக இருந்தால், பரவுதலே வேற்றுமையை உண்டாக்கும். எங்கும் ஒரே சீராக இருந்த தோலில் அதுவே கோடு போடும்.

திட்டமில்லாத சந்தை

கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஓர் இரவுச் சந்தைக்கு வாருங்கள். நீண்டதொரு சாலை. நகராண்மைக் கழகம் யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை. யாரும் எங்கேயும் கடை விரிக்கலாம். முதல் நாள் சாலை முழுவதும் கடைகள் பரவலாகக் கிடக்கின்றன. எங்கோ ஒரு பிசாங் கோரேங் கடையில் தற்செயலாக நான்கு பேர் கூடி நிற்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருகிறார்கள். கூட்டம் இருக்கிறதே என்று கரும்புச்சாறு விற்பவர் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறார். சாற்றுக்காக இன்னும் சிலர் வருகிறார்கள். கூட்டம் கூட்டத்தை வளர்க்கிறது. ஆனால் இந்த வளர்ச்சி அக்கம்பக்கத்தோடு சரி.

அதே கூட்டம் இன்னொன்றையும் செய்கிறது. சாலையின் நெடுந்தூரத்திலிருந்து வாடிக்கையாளர்களை அது உறிஞ்சிக்கொள்கிறது. நூறு மீட்டர் தள்ளிக் கடை போட்டவர் ஈ ஓட்டிவிட்டு மூட்டை கட்டுகிறார். இந்தப் பாதிப்பு எட்டாத தூரத்துக்குப் போனால் அங்கே இன்னொரு கூட்டம் தலையெடுக்கிறது. சில வாரங்களில் சாலையைப் பாருங்கள்: கடைத்தொகுதி, வெறிச்சோடிய இடம், மீண்டும் கடைத்தொகுதி, மீண்டும் வெறிச்சோடிய இடம். யாரோ அளந்து வைத்ததுபோல் சமதூரத்தில் நிற்கும். அளந்தவர் யாரும் இல்லை.

தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஒன்று. அது அருகிலேயே தங்கும். அதுவே பெற்றெடுக்கும் தடை ஒன்று; அது தூரம் வரை ஓடும். தோலில் நடப்பதும் இதுதான். ‘வளர்ப்பான்’ மிகுந்த இடம் கறுப்பாகிறது, ‘தடுப்பான்’ வென்ற இடம் வெளிர்நிறமாகிறது. இரண்டும் எவ்வளவு தூரம் எட்டுகின்றன என்பதைப் பொறுத்துக் கோட்டின் அகலமும் இடைவெளியும் அமைகின்றன. (இப்படி வளர்ப்பான், தடுப்பான் என்று பிரித்துத் தெளிவாக்கியவர்கள் ஜெர்மனியின் கீரரும் மைன்ஹார்ட்டும், 1972-இல். டூரிங் கட்டுரையில் இருப்பது கணிதமாகவே இருந்தது.)

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அதே சாலையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, அதே வியாபாரிகளை வைத்து மறுபடி தொடங்கினால் என்ன ஆகும்? தொகுதிகளுக்கு இடையிலான தூரம் முன்புபோலவே இருக்கும். ஆனால் அவை அதே இடங்களில் எழும்பா. முதல் நாள் அந்த நான்கு பேர் எங்கே நின்றார்கள் என்பது தற்செயல்தானே! புலிக்குட்டிக்குத் தாயிடமிருந்து வருவது சந்தையின் விதி, சந்தையின் வரைபடமல்ல. வரைபடம் மரபணுவில் எங்கும் எழுதப்படவே இல்லை.

மீன்தொட்டியில் கிடைத்த சாட்சி

டூரிங்கின் கட்டுரை வந்த மறு ஆண்டே டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் கண்டுபிடிக்கப்பட்டது. உயிரியல் உலகம் மரபணுவின் பின்னால் ஓடியது. கணித ஆசிரியர் ஒருவர் காகிதத்தில் போட்ட புள்ளிகளுக்கு யாருக்கு நேரம்? டூரிங்கோ 1954-இல், 41 வயதில் இறந்துபோனார்.

இன்னொரு காரணமும் உண்டு. பழ ஈயின் கருவில் ஏழு கோடுகள் தோன்றும். டூரிங் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா என்று பலர் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அந்தக் கோடுகளுக்கு ஏறக்குறைய தனித்தனியே மரபணுச் சுவிட்சுகள் இருப்பது தெரிந்தது. அதாவது அங்கே நகராண்மைக் கழகம் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்கும் எண் போட்டுக் கொடுத்திருக்கிறது! இயற்கை ஒரே வழியில்தான் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. கோட்டைப் பார்த்தவுடன் டூரிங் பெயரைச் சொல்வது, சங்கைப் பார்த்தவுடன் ‘தங்க விகிதம்’ என்று சொல்வதைப் போன்றது. இணையத்தில் சுற்றும் படங்களில் பாதி அந்த இரகம்.

நிலைமை மாறியது 1995-இல். ஜப்பானின் ஷிகேரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் ஏஞ்சல் மீன்களைக் கவனித்தார்கள். நம் பக்கத்துப் பவளப்பாறைகளிலும் வாழும் மீன்கள்தாம். பால்வடியும் பருவத்தில் ஒரு வேடம், பெரிதானதும் வேறு வேடம் போடுபவை.

ஒரு பலூனில் பேனாவால் கோடுகள் வரைந்து ஊதிப் பாருங்கள். கோடுகள் தடிக்கும், இடைவெளியும் அகலும், எண்ணிக்கை மாறாது. புலிக்கும் வரிக்குதிரைக்கும் நடப்பது இதுதான். கருவிலேயே கோடு முடிவாகிவிடும், பிறகு உடம்போடு சேர்ந்து வளரும். ஏஞ்சல் மீன் அப்படியல்ல. ஒருவகைக் குஞ்சு 2 சென்டிமீட்டர் இருக்கும்போது அதன் உடம்பில் மூன்று கோடுகள். 4 சென்டிமீட்டராக வளரும்போது கோடுகள் விலகவேண்டும் அல்லவா? விலகிய இடைவெளிகளின் நடுவில் புதிய கோடுகள் முளைத்துவிடுகின்றன. இடைவெளி பழைய அளவுக்கே திரும்புகிறது. 8 சென்டிமீட்டரை எட்டும்போது இதே கதை மறுபடி. வளர்ந்த இன்னொரு வகை மீனிலோ, ஒரு கோடு இரண்டாகக் கிளைத்து, அந்தக் கிளை கால்சட்டையின் ஜிப்பைத் திறப்பதுபோல் மெல்ல நகர்ந்துபோகிறது. சமன்பாடுகளைக் கணினியில் ஓடவிட்டபோது அதே நகர்வு திரையிலும் வந்தது. மரபணுவில் எழுதிவைத்த படமாக இருந்தால் இப்படி நகராது. விதி ஒன்று உயிரோடு இயங்கிக்கொண்டிருந்தால்தான் நகரும்.

அதைவிட எனக்குப் பிடித்த சோதனை, வரிமீனை வைத்து 2007-இல் கோண்டோ குழுவினர் செய்தது. தெற்காசிய ஓடைகளில் வாழும் சிறுவிரல் அளவு மீன் அது. உடம்பில் நேரான நீலக்கோடுகள் ஓடும். அதன் தோலில் ஒரு பகுதியில் இருந்த நிற உயிரணுக்களை லேசர் கொண்டு அழித்தார்கள். சில நாள்களில் உயிரணுக்கள் திரும்பி வளர்ந்தன, கோடுகளும் திரும்பின. அகலம் அதே அகலம். ஆனால் முன்போல் நேராக ஓடவில்லை; கோணல்மாணலாக, புதிர்ப்பாதைபோல் வளைந்து கிடந்தன. நேராக ஓடவேண்டும் என்பதற்கு முதலில் வேறு ஏதோ கைகாட்டி இருந்திருக்கிறது. அது போனபின் விதி மட்டும் மிஞ்சியது. விதி தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

டூரிங் கண்டால் வியந்திருக்கக்கூடிய ஒன்றும் வரிமீனில் தெரிந்தது. அங்கே வளர்ப்பானும் தடுப்பானும் நீரில் கரைந்து பரவும் இரசாயனங்கள் அல்ல. கறுப்பு உயிரணுக்களும் மஞ்சள் உயிரணுக்களும்தான். அவை ஒன்றையொன்று தொட்டும் தள்ளியும், சில வேளை நீண்ட இழைகளை நீட்டித் தூரத்தில் இருப்பதைத் தடவியும் பேசிக்கொள்கின்றன. ஆள்கள் மாறினாலும் நாடகம் அதேதான்: அருகில் வளர்ப்பு, தூரத்தில் தடை.

பூனையிடம் கேட்ட கேள்வி

புலியின் கருவை அறுத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதன் சின்ன உறவுக்காரன் நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறானே. அமெரிக்காவின் அலபாமாவில் கிரெகரி பார்ஷ் தலைமையிலான குழு, தெருப்பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்யும்போது வீணாகப் போகும் திசுக்களைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தது. 2021-இல் வெளியான முடிவு இது: பூனைக்கருவின் தோலில் நிறமே இல்லாத காலத்தில், உரோமமும் முளைக்காத காலத்தில், தோல் ஓரிடத்தில் தடித்தும் அடுத்த இடத்தில் மெலிந்தும் வரிசை வரிசையாகப் பிரிந்துவிடுகிறது. கோடு என்பது சாயம் அல்ல. சாயம் பிறகு வந்து நிரம்பப் போகும் பாத்தி. அந்தப் பாத்தி பிரியும்முன்பே அவ்விடத்தில் விழித்துக்கொள்ளும் மரபணு ஒன்றையும் கண்டார்கள். அதன் பெயர் டிகேகே-4. அது தரும் புரதம் ஒரு தடுப்பான்.

இதே நாடகம் உங்கள் கையிலும் நடந்திருக்கிறது. கருவுக்கு ஏறக்குறைய 13 வாரமாகும்போது விரல்நுனியின் நடுவிலும், நகத்தின் அடியோரத்திலும், மூட்டு மடிப்பிலும் மேடுகள் எழும்பி அலைபோல் பரவுகின்றன. அந்த அலைகள் எங்கே, எப்போது சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ அமைகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹெட்டன் குழு இதை 2023-இல் விளக்கியது. அங்கேயும் வளர்ப்பானும் தடுப்பானும் உண்டு. மரபணு முழுவதும் ஒத்த இரட்டையருக்குக்கூடக் கைரேகை வேறுவேறாக இருப்பதும், கட்டைவிரலை வைத்துக் குடிநுழைவுச் சாவடியில் நம்மை இனங்காண்பதும் அந்தத் தற்செயலால்தான்.

அடுத்த முறை பிள்ளைகளோடு விலங்குக் காட்சிச்சாலைக்குப் போனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். டூரிங் விதி செயல்படும் தோல் குறுகிக்கொண்டே போனால் புள்ளிகளுக்கு இடம் போதாமல் அவை வளையமாகச் சேர்ந்துவிடும் என்று ஜேம்ஸ் மர்ரே என்ற கணித அறிஞர் காட்டினார். அதனால் உடம்பில் புள்ளியும் வாலில் வளையமும் உள்ள விலங்கு இருக்கலாம். உடம்பில் கோடும் வாலில் புள்ளியும் உள்ள விலங்கு இருக்கக்கூடாது. மலாயாப் புனுகுப்பூனையின் உடம்பையும் வாலையும் பாருங்கள். சிவிங்கிப்புலியின் வால்நுனியைப் பாருங்கள்.

கறுப்புக்குள் ஒரு கோலம்

மீண்டும் காட்டுக்கு. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகளில் ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். கேமராவில் விழுந்தால் கரிய நிழல் ஒன்று போவது மட்டும் தெரியும். எந்தச் சிறுத்தை எது என்று பிரிக்க வழியில்லாததால், நெடுங்காலம் அவற்றைச் சரியாக எண்ணவே முடியவில்லை.

ஆனால் கறுப்பு என்பது பின்னால் வந்து நிரம்பும் சாயம்தானே, பாத்தி அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டதே? அப்படியானால் புள்ளிகள் கறுப்புக்கு அடியில் இருந்தே தீர வேண்டும். இருந்தன. திரெங்கானுக் காட்டில் வேலை செய்த ஆய்வாளர்கள், கேமராவின் ஒளி உணரும் பகுதியை மறைத்து, பகலிலும் அது இரவு என்று நினைத்து அகச்சிவப்பு ஒளியை வீசும்படி செய்தார்கள். படத்தில் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. 2015-இல் வெளியான இந்த எளிய உபாயத்தால் கருஞ்சிறுத்தைகளுக்கும் அடையாள அட்டை கிடைத்தது.

புலியில் கறுப்பு வேறு வகையில் வருகிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் சில புலிகளின் கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு முழுவதையும் மூடியிருக்கின்றன. பார்ப்பதற்குக் கறுப்புப் புலி. உண்மையில் கோடுகள் எல்லை மீறிய புலி. பெங்களூரில் உமா இராமகிருஷ்ணன் குழுவினர் ஆராய்ந்து, டாக்பெப் என்ற ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாறுதல் இதற்குக் காரணம் என்று 2021-இல் அறிவித்தார்கள். வீட்டுப் பூனையின் மெல்லிய கோடுகளைத் தடித்த சுழிகளாக மாற்றுவதும், ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியின் புள்ளிகளை ஒட்டவைத்து ‘அரசச் சிவிங்கி’ ஆக்குவதும் இதே மரபணுதான். சந்தையின் விதியில் ஓர் எண்ணை மாற்றினால் சாலை முழுவதும் வேறு முகம் காட்டுகிறது. சென்னை வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் இந்த மாறுதல் கொண்ட புலிகள் இருந்தன.

கறுப்புப் புலியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் ஆசைப்படுவது இயல்பு. ஆய்வாளர்களுக்கு அது கவலை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறுதலைப் பெற்றால்தான் குட்டி கறுப்பாகும். வேறெங்கும் காட்டில் காணாத இது, சிமிலிபாலில் மட்டும் சாதாரணமாகிவிட்டது என்றால், அங்கே வெளியிலிருந்து புலிகள் வருவதில்லை, சில புலிகளின் சந்ததிகளே தமக்குள் கலந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். எண்ணிக்கை குறைந்து, காடும் துண்டாகிப்போன இடத்தில் தற்செயல் இப்படியும் விளையாடும். 150-க்கும் குறைவான புலிகள் உள்ள நாட்டில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்கப் பாதை விடுவது ஏன் என்று யாராவது கேட்டால், சிமிலிபாலைக் காட்டலாம்.

2024-இன் இறுதியில் மகாராஷ்டிராவின் தடோபா காட்டிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஜீனத்துக்குப் புது இடம் பிடிக்கவில்லை போலும். ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் என்று சுற்றியதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மாறுதல் இல்லாத தாய்க்கும் சிமிலிபாலின் கறுப்புத் தந்தைக்கும் குட்டி பிறந்தால், அதற்கு வழக்கமான மெல்லிய கோடுகள்தான் இருக்கும். டாக்பெப் மாறுதலின் ஒரு பிரதி உள்ளே ஒளிந்திருக்கும். கோடுகள் எங்கெங்கே விழும் என்பதை முதல் கேமராப் படம் வரும்வரை யாராலும் சொல்ல முடியாது.